உறுமும் அம்மனின் முதுகு

இலங்கையில் ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் 2006ஆம் வருடம் இரண்டு அதிசயங்கள் முளைத்தன. முதலில் மலை உச்சியில் ஒரு டெலிபோன் டவர். மூன்று மாதம் கழித்து, அதற்குப் பக்கத்திலேயே உறுமும் அம்மன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மனைச் சோதித்தால் கண் அவிந்துபோகும் என்று கோயிலை நடத்தும் பூமிநாத சாமி சொல்லியிருந்தார். யாருக்குத்தான் கண்மேல் ஆசை இல்லை?

கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். பெல்மதுளையிலிருந்தும் பலாங்கொடையிலிருந்தும் வான் வண்டி பிடித்து வந்தார்கள். சிங்களக் கிராமத்துப் பெண்கள் அம்மன் காலைத் தொட்டுவிட்டு, "அனே தெய்யனே!", ஐயோ கடவுளே, என்று கண் கலங்கினார்கள். சிலை ஆறடி உயரம், முழுக்க ஃபைபர். காலில் உள்ளங்கையை வைத்துக் கேள்வியைச் சொல்ல வேண்டும். சாமி கோயில் மணியை ஒரு தடவை அடித்தால், சிலை 'உர்ர்ர்' என்று உறுமும். சம்மதம்! இரண்டு தடவை அடித்தால் சும்மா இருக்கும். மறுப்பு! அம்மன் மனதில் இருப்பது மணிக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்கிறீர்களா? அதுதான் சக்தி.

திங்கட்கிழமை அம்மனுக்கு ஓய்வு. நடையைச் சாத்திக்கொண்டு சாமி மட்டும் உள்ளே இருப்பார். கரண்ட் போய் டவர் படுத்துவிட்ட நாட்களில் அம்மனுக்குக் கோபம் வந்துவிடும், யாருக்கும் பதில் சொல்லமாட்டாள்.

இந்த அம்மனுக்குப் பழனியாண்டியைப் போல ஒரு பக்தன் கிடையாது. பாக்டரியில் இருபது வருடம் தேயிலைப் பெட்டி அடைத்தவர். ப்ளைவூட் பெட்டிக் காலத்தில் ஒவ்வொரு பலகையையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். 'டங்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் உள்ளே ஒட்டு விட்டிருக்கிறது. "ரிஜெக்ட்!" என்று தூக்கி எறிவார். வெளியே பளபளவென்று இருந்து துரையையே ஏமாற்றிய பலகை இவர் காதை ஏமாற்றியதில்லை. பெட்டி போய் காகிதப் பை வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கதவு, மேசை, பலாப்பழம் என்று எதைக் கண்டாலும் தட்டுவார். அம்மனை மட்டும் தட்டவில்லை. கோயில் வாசலில் செருப்போடு சேர்த்துக் காதையும் கழற்றி வைத்துவிட்டார், பாவம்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் மகள் பிரேமலதாவின் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார். சாமி தன் மச்சான் மகாமுனியின் பெயரைச் சொல்லி மணியை அடித்தார். ஒரே அடி. அம்மன் உறுமினாள். மாப்பிள்ளைக்கு வயது நாற்பத்துநான்கு, முதல் பெண்டாட்டி அடி தாங்காமல் ஓடிப்போனவள். அம்மனே சொன்ன பிறகு அதையெல்லாம் பார்க்க முடியுமா? அடுத்த வெள்ளி தாம்பூலம் மாற்றுவதென்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

பிரேமலதா நீர்கொழும்பில் ஃபைபர் போட் செய்யும் பட்டறையில் வேலை செய்பவள். செய்தி கேட்டு அடித்துப் பிடித்து வந்தாள்.

"அப்பா, அந்த ஆள எனக்கு வேணாம்."

"நான் என்னா செய்ய புள்ள? அம்மன் உறுமிருச்சே."

"சரி, வாங்க. என் முன்னால உறுமச் சொல்லுங்க."

தாம்பூலம் மாற்றவிருந்த வெள்ளிக்கிழமை சன்னதியில் எள் போட இடமில்லை. பிரேமலதா அம்மனைக் கும்பிட்டாள். பிறகு மடியிலிருந்து இரண்டு ரூபாய் நாணயக் குத்தியை எடுத்துச் சிலையின் தோளில் தட்டினாள். டங். இடுப்பில், டங். பின்னால் போய்ச் சேலையை விலக்கி முதுகில் தட்டினாள்.

டொக்.

"தொடாதே!" சாமி துள்ளினார். "அது அம்மனோட இதயம்!"

"முதுகுலயா சாமி?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு, பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"நாங்க போட் செஞ்சா இப்படித்தான் தட்டிப் பாப்போம்" என்றாள் அவள். "உள்ள நல்லா ஒட்டியிருந்தா தட்டுற அதிர்வு உடம்பு பூரா ஓடும், கணீர்னு கேக்கும். ஒட்டு விட்ட எடத்துல அங்கயே செத்துப்போகும். அப்பா, உங்களுக்குத் தெரியாததா? நீங்களே தட்டுங்க."

பழனியாண்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கண் போய்விட்டால்? ஒரு பக்கம் அம்மன், மறு பக்கம் மகளின் முகம். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல்தான் குத்தியை வாங்கினார். ஒன்றாவது மிஞ்சட்டும் என்று ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு தட்டினார்.

டங். டங். டொக். டொக். டொக். டங்.

ஒரு சாண் அகலத்துக்குச் சதுரமாக ஒட்டு விட்டிருந்தது. மூடிய கண் தானாகத் திறந்தது. இருபது வருடப் பழக்கம், வாய் சும்மா இருக்குமா?

"ரிஜெக்ட்!"

சாமி பின்வாங்கினார். பின்னால் தொங்கிய மணிக்கயிறு தோளில் மாட்டி இழுபட்டது. மணி ஒரே ஒரு தடவை அடித்தது.

அம்மன் 'உர்ர்ர்' என்று உறுமினாள். உறுமிய உறுமலில், குத்தியால் தட்டுப்பட்டு ஏற்கெனவே இளகியிருந்த முதுகுச் சதுரம் பொத்தென்று கீழே விழுந்தது. உள்ளே, துண்டில் கட்டிய ஒரு போன் துடித்துக்கொண்டிருந்தது.

பிரேமலதா அதை எடுத்து, கோயில் மைக்குக்கு நேராகப் பிடித்து அமுக்கினாள். மலை முழுக்க மகாமுனியின் குரல் கேட்டது.

"என்னா மச்சான், பொண்ணோட அப்பன் மடங்கிட்டானா? ஒரு மணிதானே அடிச்சீங்க? ஒரு மணி கேக்குறப்பெல்லாம் போன் அடிக்கணும்னு கீழ வான்ல குந்திக் குந்தி இடுப்பு போச்சு!"

"அம்மன் பேசுறேன்" என்றாள் பிரேமலதா. "மாப்பிள்ள ரிஜெக்ட்."

சாமி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்பக்கத் தேயிலை வழியாக ஓடினார். அட்டையும் வழுக்கலும் நிறைந்த அந்தச் சரிவில் அவருக்கு எந்தச் சக்தியும் துணைக்கு வரவில்லை.

பழனியாண்டி வெட்கத்தில் தலை குனிந்து நின்றார். "தேயிலை போடுற பெட்டிய ஆயிரம் தடவ தட்டிப் பாத்தேன். பெத்த புள்ளைய ஒரு தடவகூடத் தட்டிப் பாக்காம ஒருத்தன்கிட்ட குடுக்க இருந்தேனே."

அதற்குள் கூட்டத்தில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்: "கலவான பக்கம் ஒரு சாமி இருக்காராம். அவரு படம் பால் குடிக்குதாம். சந்தேகப்பட்டா கண்ணு அவிஞ்சுருமாம்."

பழனியாண்டி குத்தியை அவர் கையில் வைத்து அழுத்தினார்.

"போறப்ப இதையும் கொண்டு போங்க. கண்ணு அவியும்னு ஒருத்தன் சொன்னா, அங்க நீங்க பாத்துறக் கூடாத ஏதோ ஒண்ணு இருக்குன்னு அர்த்தம்."