கதவுக்கு வெளியே கேட்கும்படி

"இப்ப வலிக்குதா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்ல டாக்டர்" என்று சொன்ன பிறகுதான் சுகந்திக்குத் திக்கென்றது. வலி இல்லையென்றால் சத்தம் இல்லை. சத்தம் இல்லையென்றால் பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் இருக்கும் மாமியார் கோகிலாம்பாளுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டால் நோவு தெரியாமல் பெற்றுக்கொள்ளலாமாம், மதுரையில் வந்திருக்கிறதாம். அந்தப் பேச்சு அருப்புக்கோட்டைக்கு வந்த நாளிலேயே, "நோகாமப் பெத்த பிள்ளை மேல பாசம் எப்படி ஒட்டும்?" என்று தன் மிளகாய் வத்தல் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டவள் கோகிலாம்பாள். தலைப்பிரசவத்தில் பந்தல்குடியில் பகல் முழுக்கக் கத்திய சுகந்திக்கு அந்த நியாயம் பிடிபடவில்லை. அன்றைக்கும் கதவுக்கு வெளியே இதே மாமியார்தான்.

இந்த முறை, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கும் அந்த ஊசி வந்துவிட, ரகசியமாகக் கேட்டாள். "எங்க அத்தைக்குத் தெரியக் கூடாது." டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சரி என்றார்.

இப்போது வேறு வழியில்லை. "ஐயோ, அம்மா" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

வெளியே கோகிலாம்பாளின் குரல் கேட்டது. "கேட்டியாடா ஜெயக்குமாரு? பத்து மாசமாக் கூட இருந்து பாக்குறவ நானு. கூப்பிடுறது அவ ஆத்தாளை."

அதுவும் வாஸ்தவம்தான். அடுத்த முறை, "அத்தே, முடியலையே" என்று மாற்றினாள்.

"இருக்கன்குடி மாரி, ரெண்டு உசுரையும் நல்லபடியாப் பிரிச்சுக் குடு. எம் மகனுக்கு மொட்டை போடுறேன்."

"எனக்கா?" என்றான் ஜெயக்குமார். ஸ்டெப் கட்டிங்குக்காகவே மதுரைக்கு பஸ் ஏறுகிறவன் அவன்.

சுகந்தி இன்னும் இரண்டு முறை கத்தினாள். வேண்டுதலில் மீசையும் போயிற்று.

புருஷனுக்காக இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"சத்தத்தையே காணமே. தாயி, ஆடி வெள்ளிக்கு அவளையே அக்கினிச்சட்டி எடுக்க வைக்கிறேன்."

ஊசியில் தப்பித்த நோவெல்லாம் சட்டியில் நெருப்பாகக் காத்திருந்தது. மறுபடி கத்தினாள்.

"வலிக்கலைன்னியே, பின்ன ஏம்மா கத்துற?"

"வெளிய எங்க அத்தை இருக்காக, டாக்டர்."

டாக்டரம்மா எதையோ சொல்ல வாயெடுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டார்.

பெண் குழந்தை பிறந்தது. கண் சிவந்து வந்த கோகிலாம்பாள், சுகந்தியின் நெற்றியை முந்தானையால் துடைத்தாள். துடைக்க வியர்வையே இல்லை.

"ரொம்ப நொந்துட்டியாத்தா?"

"ஆமா அத்தே." இந்தப் பொய்யை மட்டும் அத்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பிள்ளையைப் பார்த்தாள். நோகாமலேயே பாசம் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

கோகிலாம்பாள் எல்லாருக்கும் கொடுக்கச் சீனி வாங்கிவரப் போனதும், துணி மாற்ற வந்த ஆயா ஒச்சம்மாள் குனிந்து கேட்டாள்.

"ஊசி போட்டும் எதுக்கும்மா அந்தக் கத்துக் கத்துன? தலைப்பிரசவத்துல நீ கத்துனதை இன்னொருக்காக் காதால கேக்க முடியாதுன்னுதான, உம் மாமியா போன மாசமே தனியா வந்து, 'அந்த ஊசியப் போட்டுருங்க, நான் சொன்னேன்னு மட்டும் அவகிட்டச் சொல்லிறாதீங்க'ன்னு டாக்டரம்மாகிட்டக் கெஞ்சிட்டுப் போனாக."