பெட்டிப் பாட்டும் இரங்கற்பாவும்

மாடி வீட்டு இசையமைப்பாளர் இறக்கும் அன்றே நான் பெருங்கவிஞன் ஆகிவிடுவது என்று தீர்மானித்தேன். தீர்மானத்தில் குறை ஒன்றும் இல்லை. அவர் இறக்க வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

உடனே என்னைக் கொடியவன் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நான் அவரைச் சாகச் சொல்லவில்லை. அதை மருத்துவர்களே சொல்லியாயிற்று. நுரையீரல் இரண்டும் கைவிட்டபின், இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். நடந்தே தீரப்போகும் ஒன்றுக்கு முன்கூட்டியே ஆயத்தமாவது கொடுமை என்றால், சவப்பெட்டி செய்யும் தச்சனை என்னவென்று அழைப்பீர்கள்?

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாலை நாளிதழில், பாடகர்களின், இசையமைப்பாளர்களின் பிறந்தநாள்தோறும் எட்டடியில் வேடிக்கைப் பாட்டு எழுதுகிறவன் நான். குறுக்கெழுத்துக்கும் வானிலைக்கும் நடுவே ஒரு சிறு கட்டத்துக்குள் அது வரும். அலுவலகத்தில் அதற்குப் பெட்டிப் பாட்டு என்று பெயர். "மூச்சைப் பிடித்தால் முக்கால் நாழி, கேட்டவர் திணறிக் கிடந்தார், வாழி!" என்ற வரிகளைப் படித்து நீங்கள் சிரித்திருக்கலாம். எழுதியவன் யார் என்பது உங்களுக்குத் தெரியாது. பெட்டிக்குள் என் பெயருக்கு இடமில்லை என்பது ஆசிரியரின் கொள்கை. பிறந்தநாள்காரரின் பெயர் கொட்டை எழுத்தில் வரும். என் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் வரும்.

இரங்கற்பாவுக்கு விதி வேறு. புகழ்பெற்றவர் மறைந்தால் முதல் பக்கத்தில் கறுப்புக் கோடு கட்டி, முழுநீளக் கவிதை போடுவார்கள். அடியில் கவிஞரின் பெயரும் இருக்கும். புகழ்பெற்ற ஒருவர் என் தலைக்கு நேர் மேலே படுத்துக் கிடந்தார். வேறு எந்தக் கவிஞனுக்கு இந்த வசதி வாய்க்கும்?

என் மனைவி நர்ஸ். வேலைக்குப் போகுமுன் ஒரு முறை, வந்த பின் ஒரு முறை மாடிக்குப் போவாள். அவரைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, முதுகுப் புண்ணுக்கு மருந்திட்டு வருவாள். ஊரையே கேட்கவைத்த அந்த மனிதருக்குத் துணை, காது கேளாத ஒரு தங்கை மட்டுமே.

"எப்படி இருக்கார்?"

"அரை டம்ளர் பால் குடிச்சார்."

"அடடா!"

"என்ன அடடா?"

"சந்தோஷத்துல சொன்னேன்."

"சந்தோஷப்படற மூஞ்சியா இது? பஸ்ஸைக் கோட்டைவிட்ட மாதிரி இருக்கு."

சோகத்துக்கு எதிரொலி தேவை. எங்கள் வீட்டில் எதிரொலி உள்ள ஒரே இடம் குளியலறை. ஆகவே காலைதோறும் அங்கே தாழிட்டுக்கொண்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, உரக்கப் பாடிப் பாடி என் இரங்கற்பாவை வளர்த்தேன். "வான்முகில் அழுதது, மலையெலாம் அழுதது, வாசலில் கிடந்த செருப்பும் அழுதது" என்று அது நாற்பது அடிக்கு ஓடியது. எனக்கே கண்ணீர் வந்தது.

கதவு தட்டப்பட்டது.

"உள்ள யாருங்க செத்தது?"

"யாரும் இல்லை. தொண்டையைச் சரிபண்ணிக்கறேன்."

"சீக்கிரம் பண்ணிட்டு வாங்க. எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

மறுநாள் அவள் தலைவாரிக்கொண்டே சொன்னாள்: "அந்தச் செருப்பை எடுத்துடுங்க."

"எந்தச் செருப்பை?"

"அழுதுதே, அதை. அங்க தாளம் நொண்டுது. அதோட அந்த மனுஷன் நடந்தே எத்தனையோ மாசமாச்சு. செருப்பு அழறதா இருந்தா அப்பவே அழுது முடிச்சிருக்கும்."

திகைத்துப்போனேன். இசை என்றால் செய்திக்கு முன் வானொலியில் வருவது என்று மட்டும் அறிந்தவள் என் மனைவி. செருப்பை எடுத்துப் பாடிப் பார்த்தேன். நொண்டல் நின்றுவிட்டது!

அடுத்து மலை போயிற்று. "யார் செத்தாலும் மலையே அழுதுட்டிருந்தா அதுக்கு வேற வேலை கிடையாதா?" பிறகு முகிலும் போயிற்று. நாற்பது அடி பதினாறாக வற்றியது. ஆனால் அந்தப் பதினாறும் உருக்கு. என்னோடு குடித்தனம் நடத்தியதில் கல்லும் கனிந்தது என்று உள்ளூரப் பெருமைப்பட்டேன்.

அவருடைய பிறந்தநாளுக்கு முந்தைய மாலை, மாடியிலிருந்து இறங்கி வந்தவள், "உங்களை மேல வரச் சொன்னார்" என்றாள்.

போனேன். அறையில் ஸ்பிரிட் வாடை. ஸ்பிரிட்டால் மறைக்க முடியாத இன்னொரு வாடை. கட்டிலைக் குளியலறைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். அவர் தலைக்கு மேல் சிறிய சாளரம் ஒன்று, குழாய்கள் இறங்கும் இடுக்கைப் பார்த்துத் திறந்திருந்தது. அந்த இடுக்கின் மறுமுனை எங்கே திறக்கிறது என்பதை நான் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

"வாங்க, கவிஞரே." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கினார். "ஒப்பாரி எப்படிப் போகுது?"

மனைவியைப் பார்த்தேன். அவள் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எ... எந்த ஒப்பாரி, சார்?"

"என்னோடதுதான். தினமும் கேக்கறேனே. செருப்பை எடுக்கச் சொல்லி உங்க வீட்டம்மாகிட்ட சொல்லி அனுப்பினேன். இப்பப் பரவாயில்லை. ஆனா இன்னும் நீளம். அது முடியறதுக்குள்ள நான் முடிஞ்சுடுவேன்."

என் காலடியில் இருந்தது என் வீட்டுக் கூரை. அது பிளந்து என்னை என் வீட்டிலேயே போட்டிருக்கலாம். போடவில்லை.

"நாளைக்குப் பிறந்தநாள். பெட்டிப் பாட்டு எங்க?"

எழுதியிருக்கவில்லை. அதுவரை இருக்கமாட்டார் என்ற நம்பிக்கைதான் காரணம். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"உயிரோட இருக்கறவனுக்குத்தானே அது, தம்பி? சந்தேகம்னா உங்க வீட்டம்மாவைக் கேளுங்க."

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "நாடி இருக்கு. உக்காந்து எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். ஒவ்வோர் அடியாகப் படித்தும் காட்டினேன்.

மெட்டுக் கேட்டால் மேலே பார்ப்பார்,
மீண்டும் கேட்டால் தலையைச் சொறிவார்;
சொறிந்த இடத்தில் முடியும் இல்லை,
சொன்ன தேதியில் இசையும் இல்லை;
முன்பணம் தந்தவர் முதுமை அடைந்தார்,
முதல்வரி வருமுன் பேரன் எடுத்தார்;

கடைசி இரண்டடியில் நூறாண்டு வாழ்க என்று முடிப்பது என் வழக்கம். அந்தக் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு அதை எழுதக் கை வரவில்லை. பேனா நின்றது. அவர் இரண்டு விரல்களால் கட்டில் கம்பியில் தாளம் தட்டினார். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே சொன்னார்:

"எல்லார்க்கும் நாளை என்றவன் நானே,
எமனுக்கும் அதையே சொல்லிடுவேனே!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. முகம் நீலம் பாரித்தது. தங்கை கிண்ணத்தை ஏந்தினாள். மனைவி அவரைத் தூக்கி நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அறையில் பயனற்ற பொருள் நான் ஒருவன்தான்.

அடங்கியபின், "இதைப் போடுங்க. அந்த நீளமானதை விட்டுடுங்க" என்றார்.

தலையாட்டினேன். தலையாட்டுவது வேறு, வாக்குக் கொடுப்பது வேறு என்பது படியிறங்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

பிறந்தநாளன்று விடியும்போது அவர் போய்விட்டார். இடுக்கின் வழியாகத் தண்ணீர் ஊற்றும் ஓசை கேட்டது. மனைவி அவரைக் கழுவிக்கொண்டிருந்தாள். கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து சிறிது நேரம் அதைக் கேட்டேன். என் பதினாறு அடியில் ஓர் அடிகூட நினைவுக்கு வரவில்லை என்பது உண்மை. பிறகு கடிகாரத்தைப் பார்த்ததும் உண்மை. நண்பகலில் பக்கத்தை முடித்துவிடுவார்கள். பெட்டிப் பாட்டு உயிரோடிருப்பவர்களுக்கு மட்டுமே. அது நாளிதழின் சட்டம். சட்டத்தை மீற நான் யார்? முகில், மலை, செருப்பு மூன்றையும் மீண்டும் சேர்த்து நாற்பது அடியாக்கி, ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"ஐயா, ஒரு பெரிய துக்கம்..."

"தெரியும். உங்க வீட்டம்மா அப்பவே பேசிட்டாங்க."

"என்ன சொன்னா?"

"கடைசிப் பாட்டைச் சொன்னாங்க. அழுதுட்டேன்யா. நடுவுல சிரிச்சும் தொலைச்சேன். முதல் பக்கத்துல, கறுப்புக் கோட்டுக்குள்ள, அதையே போடறோம்."

"அது உயிரோட இருக்கறவங்களுக்குன்னுதானே விதி?"

"விதியை மாத்திட்டேன்."

"என்கிட்ட நாற்பது அடி இருக்கு, ஐயா."

"அதுல செருப்பு இருக்கா?"

"இருக்கு."

தொலைபேசியை வைத்துவிட்டார்.

முதலில் நொறுங்கினேன், பிறகு யோசித்தேன். முதல் பக்கம்! எட்டில் ஆறு அடி என்னுடையவை. மாடிக்கு ஓடினேன். மனைவி அவருடைய தலைமாட்டில் நின்று தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, பாட்டுக்குக் கீழ பேர் போடச் சொன்னியா?"

"சொன்னேன்."

"என்னையும் சேர்த்தா?"

"உங்களை விடுவேனா? கையைக் கழுவிட்டு வந்து கால்மாட்டைப் பிடிங்க. கீழ இறக்கணும்."

அவர் கனக்கவே இல்லை. அவ்வளவு லேசாக நான் எதையும் சுமந்ததில்லை.

மாலையில் நாளிதழ் வந்தது. முதல் பக்கம், கறுப்புக் கோடு, எட்டடி. அதன் அடியில் கொட்டை எழுத்தில், "தம் பிறந்தநாளுக்குத் தாமே பாடி முடித்தது" என்று போட்டு, அவருடைய பெயர். அதற்கும் கீழே, கண்ணாடி போட்டால் மட்டுமே தெரியும் எழுத்தில், "கேட்டு எழுதியவர்: நர்ஸின் கணவர்."