எங்க ஊர்ல ஆசாமியும் தரங்கம்பாடிக் கடலும்

ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களில் பல வகை உண்டு. போன இடத்தை எல்லாம் போனில் படம் பிடித்துவிட்டு, கண்ணால் எதையும் பார்க்காமல் திரும்புகிறவர் ஒரு வகை. இறங்கியதும் டீக்கடையை விசாரித்து, மறுபடி வண்டி ஏறும்வரை அங்கேயே பேப்பர் படிக்கிறவர் இன்னொரு வகை. இவர்களால் யாருக்கும் கெடுதல் கிடையாது. நான் சொல்ல வந்தது வேறு ஒருவரை. அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘எங்க ஊர்ல’ ஆசாமி. அவரைத் தாஜ்மகால் முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். இடுப்பில் கை வைத்து மேலும் கீழும் ஒரு முறை பார்ப்பார். “நல்லாத்தான் இருக்கு” என்பார். அடுத்த வாக்கியம் “எங்க ஊர்ல” என்று தொடங்கும். அதற்குப் பிறகு தாஜ்மகாலை யார் பார்க்கிறார்கள்?

உங்களுக்கும் இவரைத் தெரியும். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து, முன்பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்து, கை கழுவி, ஏப்பமும் விட்டபிறகு, தன் ஊர்ச் சமையல்காரரின் பாயசத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனாரே, அவர்தான். உங்களுக்குக் காய்ச்சல் என்று பார்க்க வந்தால் அவர் ஊர்க் காய்ச்சல் இதைவிடக் கடுமையாக இருக்கும். வெயில் அங்கே அதிகம். மழை பெய்தால் அதுவும் அங்கேதான் அதிகம். இரண்டும் எப்படி ஐயா ஒரே ஊரில் என்று கேட்டுவிடாதீர்கள், அதற்கும் விளக்கம் வைத்திருப்பார்.

எங்கள் குழுவில் இருக்கும் ஆசாமியின் பெயர் குருநாதன். சொந்த ஊர் வேப்பந்தட்டை, பெரம்பலூரில் விதைக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், கையில் இருப்பதைப் பகிர்ந்து சாப்பிடுகிறவர். ஆனால் அவருடைய ‘ஊர்’ இருக்கிறதே, அதற்கு எல்லை கிடையாது. பெரம்பலூருக்குள் இருக்கும்வரை அவர் ஊர் வேப்பந்தட்டை. அரியலூர் போய்விட்டால் செட்டிகுளத்து மலைக்கோயிலும் அரும்பாவூர் வயலும் அவர் ஊர். ஜெயங்கொண்டம் தாண்டியதும் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரம் அவர் ஊரில் வந்து சேர்ந்துகொள்ளும். பெரம்பலூர், அரியலூர் என்று எங்கள் இரண்டு மாவட்டங்களையும் பிரித்து, சேர்த்து, மறுபடி பிரித்துப் பார்த்த அரசாங்கம்கூட இவ்வளவு சுலபமாக எல்லையை மாற்றியதில்லை.

பெரம்பலூரில் காலையில் நடக்கிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். ஒரே மைதானத்தைச் சுற்றிச் சுற்றி அலுத்துப்போய், தரங்கம்பாடியில் மரபு நடை கூட்டிப்போகிறார்களாம், பழைய டென்மார்க்காரர்கள் கட்டிய ஊராம், போய் நடந்துவிட்டு வருவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்தோம். ஏற்பாடு முழுவதும் மீரான் பாய். லப்பைக்குடிகாட்டுக்காரர், குவைத்தில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு வந்தவர், கூட்டத்தை வண்டியில் ஏற்றி இறக்குவதில் அவரை அடிக்க ஆள் இல்லை. வேனுக்கு அன்று இரவே அரியலூரில் ஒரு பெண் அழைப்பு இருந்தது. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே தரங்கம்பாடியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்று டிரைவர் ஏறும்போதே சொல்லிவிட்டார்.

வண்டியில் ஒருவருக்கு மட்டும் டென்மார்க்கைப் பற்றி எந்த அக்கறையும் இல்லை. அவர் குருநாதனின் மனைவி உண்ணாமலை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, கடலில் கால் நனைக்க வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியும் நனைத்ததில்லை. கடற்கரை ஊருக்கே போனதில்லையா என்று கேட்பீர்கள். வேளாங்கண்ணிக்கும் போயிருக்கிறார், கடலூருக்கும் போயிருக்கிறார். வேளாங்கண்ணியில் கடை வீதியைத் தாண்டுவதற்குள் குருநாதன் ஒரு வியாபாரியிடம் எங்க ஊர்ல என்று ஆரம்பித்து, முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. கடலூரில் நடந்ததும் அதேதான், அங்கே வியாபாரிக்குப் பதில் ஒரு போலீஸ்காரர். “இந்தத் தடவை வுட்டுட்டா அப்புறம் இல்லைங்க” என்று வேனில் ஏறும்போதே என்னிடம் சொன்னார். கையில் ஒரு கட்டைப்பை. அதில் புருஷனின் தண்ணீர் பாட்டில், மாத்திரை, துண்டு, முறுக்கு எல்லாம் இருந்தன. பையோடு புருஷன் பின்னால் நிற்பதுதான் அவருக்குச் சுற்றுலா.

அணைக்கரைப் பாலத்திலேயே குருநாதன் தொடங்கிவிட்டார். கொள்ளிடத்தைக் காட்டி, “இது எங்க மாவட்டத்த ஒட்டிக்கிட்டு வர்ற தண்ணி. எங்களத் தாண்டித்தான் இங்க வருது” என்றார். நாங்கள் எல்லாரும் அந்த மாவட்டத்துக்காரர்கள்தான் என்பது அவருக்கு நினைவில் இல்லை.

தரங்கம்பாடியின் பழைய நகர வாசலில் எங்களுக்காக நந்தினி என்ற பெண் காத்திருந்தாள். மயிலாடுதுறைப் பெண், வரலாறு படித்தவள், தொப்பியும் தோள்பையும் தெளிவான குரலுமாக இருந்தாள். இந்த வாசலுக்குள்தான் அந்தக் காலத்து ஊர், தெரு நேராகக் கோட்டைக்கும் கடலுக்கும் போகும், கடைசியில் கடற்கரையில் முடிப்போம் என்றாள். ‘கடைசியில்’ என்றதும் உண்ணாமலை என்னைப் பார்த்தார்.

“இந்தத் தெருவ முந்நூறு வருசத்துக்கு மேல...” என்று நந்தினி தொடங்கினாள்.

“நீளம் எவ்ளோம்மா இருக்கும்?” என்றார் குருநாதன்.

அவள் சொன்னாள். அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். “எங்க ஊர்ல புது பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட வராது.”

உலகத்தில் எதை அளப்பதற்கும் அவரிடம் இருக்கும் கோல் அது ஒன்றுதான். நந்தினி சிரித்துக்கொண்டாள். பாவம், இன்னும் ஆளைப் புரிந்துகொள்ளவில்லை. அடுத்து ஒரு தேவாலயம் வந்தது. உயரம் கேட்டார், கங்கைகொண்ட சோழபுரத்தைச் சொன்னார். வெள்ளைத் தூண் வைத்த பழைய வீடு வந்தது. தூணைத் தட்டிப் பார்த்தார், சுண்ணாம்பு என்று அவள் சொன்னதும், சுண்ணாம்புக் கல் என்றால் அரியலூர், அரியலூர்க் கல்லில்தான் சிமென்ட், சிமென்ட் இல்லாமல் யார் வீடு கட்ட முடியும், ஆகவே நாட்டில் இருக்கும் எல்லா வீடும் ஒரு வகையில் எங்க ஊர்தான் என்று ஒரே மூச்சில் கொண்டுபோய் நிறுத்தினார். வீட்டுக்காரர் வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். தெருக்கோடியில் நீலமாக ஒரு துண்டு தெரிந்தது. உண்ணாமலை அதைப் பார்த்தபடியே நின்றார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

கோட்டைக்குள் போனபோது டிரைவர் ஒரு தரம் போன் செய்துவிட்டார். கோட்டையின் கீழ்த்தளத்தில் சரக்கு வைக்கும் அறைகள் இருந்தன. கப்பலில் ஏற்ற வேண்டிய மிளகையும் துணியையும் இங்கேதான் அடுக்குவார்கள் என்றாள் நந்தினி. குருநாதன் உள்ளே தலையை விட்டு, மேல் வளைவைப் பார்த்து, மூக்கை உறிஞ்சி, நாக்கைச் சப்புக் கொட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கு எங்கள் பக்கத்தைத் தெரியாதென்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் சின்ன வெங்காயம் விளைவிக்கிறவர்கள். அறுத்த வெங்காயத்தைக் காற்று புகும்படி பட்டறை கட்டி மாதக்கணக்கில் காப்பாற்றுவோம். ஆகவே எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் எங்கள் ஆட்களுக்குத் தோன்றும் முதல் கேள்வி ஒன்றுதான்.

“இதுல வெங்காயம் வச்சா அழுகிப் போயிடும்” என்றார் குருநாதன்.

“வெங்காயம் வைக்கல சார், மிளகு...”

“மொளவு எங்க போட்டாலும் கெடக்கும்மா. வெங்காயத்த வச்சுப் பாத்தாத்தான் கட்டடத்தோட யோக்கியத தெரியும். காத்தோட்டமே இல்லையே. எங்க ஊர்ல பட்டற எப்புடிப் போடுவோம்னா, அடியில கல்ல அடுக்கி...”

அடியில் கல் அடுக்கினார், மேலே மூங்கில் வைத்தார், படல் கட்டினார், கூரை வேய்ந்தார். காற்று எந்தத் திசையில் வரும் என்பதற்காக நந்தினியைத் திருப்பி நிறுத்தினார். மீரான் பாயின் போன் மறுபடி அடித்தது. “அண்ணே, டிரைவரு கெளம்பச் சொல்றாரு. கடலப் பாத்துட்டுப் போவ நேரம் சரியா இருக்கும், வாங்கண்ணே” என்றார். குருநாதன் ஒரு விரலைத் தூக்கி, இருங்கள் என்றார். பட்டறையில் இன்னும் வெங்காயம் வைக்கவில்லை.

அப்போதுதான் உண்ணாமலை முன்னால் வந்தார். தூக்கிய விரலைப் பிடித்து மடக்கி, அந்தக் கையில் கட்டைப்பையை மாட்டினார். “இந்தாங்க. இத வச்சுக்கிட்டு வெங்காயத்த அடுக்குங்க. நான் போறேன்” என்றார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அந்த வேகத்தில் அவர் காலையில் மைதானத்தில் நடந்து நான் பார்த்ததில்லை. நந்தினி அவர் பின்னால் ஓடினாள், அவள் பின்னால் மீரான் பாய், அவர் பின்னால் நாங்கள் அத்தனை பேரும். குருநாதன் எங்களைக் கவனிக்கவில்லை. அங்கே நின்ற பழைய பீரங்கி ஒன்றின் பக்கம் திரும்பிப் பட்டறைக்குள் வெங்காயத்தை அடுக்கிக்கொண்டிருந்தார்.

கடல் கோட்டையை ஒட்டியே இருந்தது. உண்ணாமலை செருப்பை மணலில் விட்டார், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார், நின்றார். முதல் அலை காலைத் தொட்டுப் போனது. இரண்டாவது அலை முழங்கால் வரை வந்தபோது வாய்விட்டுச் சிரித்தார். மீரான் பாய் வளைகுடாவில் பார்க்காத கடல் இல்லை, அவரே பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

பையை மார்போடு அணைத்தபடி குருநாதன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கோபித்துக்கொள்வார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்த வகைக்குக் கோபம் வராது. கடலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். நான் மனசுக்குள் நினைத்தேன், ஆள் இன்று மாட்டிக்கொண்டார், கடலுக்கு எங்கே போவார் எங்கள் வறண்ட பூமியில்?

“நல்லாத்தான் இருக்கு” என்றார். சட்டைப்பையில் கைவிட்டு, வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்த ஒரு கல்லை எடுத்தார். நத்தைபோலச் சுருண்ட கல். “இந்தக் கடலே எங்க ஊர்ல இருந்ததுதான்.”

எல்லாரும் சிரித்தோம். நந்தினி மட்டும் சிரிக்கவில்லை. கல்லை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “சார் சொல்றது நெசம்தாங்க. பல கோடி வருசத்துக்கு முன்னால அரியலூர், பெரம்பலூர்ப் பக்கமெல்லாம் கடல்தான். இது அதுல இருந்த உயிரு, கல்லா மாறியிருக்கு” என்றாள். நாள் முழுக்க அளந்தவர் கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டார். கல் கைக்குக் கை மாறியது. குருநாதனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கரையில் கிடந்த புதுச் சங்கு ஒன்றைப் பொறுக்கி, கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்து, விதைக்கடைக்காரரின் பார்வை பார்த்தார். “இது இன்னும் முத்தல. எங்க ஊருதுதான் நல்லா வெளைஞ்சது.”

“எது உங்க ஊரு?”

கேட்டது தண்ணீருக்குள் நின்ற உண்ணாமலை. “வேப்பந்தட்டையில ஏதுங்க கடலு? அது நான் பொறந்த ஊரு காரையில, எங்கப்பா கொல்லையில பொறுக்குன கல்லு. வாக்கப்பட்டு வரும்போது நாந்தான் கொண்டாந்தேன். கடலு இருந்தது எங்க ஊர்ல.”

குருநாதன் சங்கைக் கீழே போட்டார்.

“அதான் எங்க ஊருக் கடலுன்னு சொல்லிட்டேன்ல, பயப்படாம எறங்குங்க” என்று உண்ணாமலை அவர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் பயந்தார்தான். கிணற்றில் நீஞ்சினவனுக்கு இதென்ன என்று முனகிக்கொண்டே இரண்டு எட்டு வைத்தார். பெரிய அலை ஒன்று வந்தது. வேட்டி நனைந்தது, கட்டைப்பை நனைந்தது, முறுக்கு நனைந்தது. பிடிமானத்துக்கு மனைவியின் தோளைப் பற்றினார். தண்ணீர் வடிந்தபோது கையில் கல் இல்லை. குனிந்து மணலைத் துழாவினார்.

“வுடுங்க” என்றார் உண்ணாமலை. “அதோட வூட்டுக்கு அது போயிருச்சு.”

பெண் அழைப்புக்குத் தாமதமாகிவிடும் என்று டிரைவர் வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். குருநாதன் ஈர வேட்டியோடு ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். திருந்திவிட்டார் என்றே நம்பினோம். அணைக்கரைப் பாலம் ஏறியதும் முன்பக்கம் குனிந்து டிரைவரைக் கூப்பிட்டார்.

“தம்பி, தரங்கம்பாடில கடலு பாத்தீங்கள்ல? அது எங்க மாமனார் ஊர்ல இருந்தது.”

ஆக, காரையும் இப்போது அவர் ஊர். உண்ணாமலை ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். சேலை ஓரத்தில் இன்னும் மணல் ஒட்டியிருந்தது.

இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தீர்கள், நன்றி. ஒன்று மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். நடுவில் எங்கேயாவது, ‘இவரெல்லாம் ஒரு ஆளா, எங்க ஊர்ல ஒருத்தர் இருக்கார்’ என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் குற்றமில்லை. ஆனால் அடுத்த முறை குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகும்போது பையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.