இடைநின்றவர் பட்டியல்

"பேர் எங்க இருக்குன்னு பார்த்து கையெழுத்துப் போடுங்க. பின்னாடி ஆள் நிக்குது" என்றார் வருகைப் பதிவேட்டுக்காரர்.

கண்டக்டர் கையெழுத்துப் போட வரவில்லை. ஒரு பெயரைப் பற்றிப் பேச வந்திருந்தார். பல்கலைக்கழக விரிவாக்கத் துறை ஆசிரியர்களுக்கு நடத்தும் ஆறு சனிக்கிழமைப் பயிற்சியில் சேர்ந்தவள் அவர் மனைவி. மூன்று சனிக்கிழமை போய் வந்தாள். அடுத்த புதன்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பி, செருப்பைப் போடக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. ஒரு நாள் படுக்கவில்லை, ஒரு வேதனை அனுபவிக்கவில்லை என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் பத்து நாளாக நடமாடிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் துறையிலிருந்து கடிதம் வந்தது. நான்காம் வாரம் வரவில்லையாம். இனியும் வராவிட்டால் 'இடைநின்றவர்' பட்டியலில் சேர்ப்பார்களாம். இவருக்குச் சுரீரென்றது. படிப்பை விட்ட பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, திட்டி, கையைப் பிடித்துப் பள்ளிக்கு இழுத்து வந்தவள் அவள். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் வேலை. அவளுக்கா இந்தப் பட்டம்? செத்தாள் என்று எழுதட்டும், நின்றாள் என்று எழுதக்கூடாது. இதைச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவதாகத் திட்டம்.

பேச்சை ஆரம்பிக்க, பதிவேட்டில் அவள் பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். பதிவேட்டுக்காரர் பெயரைப் பார்த்தார். இவரை மேலும் கீழும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னிக்கு டைரக்டர் சுத்திட்டிருக்கார். நீங்களாவது உள்ள போய் உக்காருங்க" என்று பேனாவைக் கையில் திணித்தார்.

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். காலம் பூராவும் மற்றவர்களை உள்ளே தள்ளியே பழகியவரைத் தள்ளினால் என்ன செய்வார்? கையெழுத்துப் போட்டார். சட்டையில் ஒரு பெயர் அட்டையையும் குத்திவிட்டார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர். முன்னெழுத்து எப்படியும் இவருடையதுதான்.

இடைவேளையில் பயிற்சியாளரிடம் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தார். அதற்குள் ஒரு விளையாட்டு வந்தது. ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி இரண்டு உண்மையும் ஒரு பொய்யும் சொல்ல வேண்டும். பொய் எது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று கண்டக்டர் எழுந்தார்.

"நான் வாத்தியார் இல்ல, பஸ் கண்டக்டர். என் சம்சாரம் செத்துப் பத்து நாளாச்சு." பொய் ஒன்று பாக்கி இருந்தது. கொஞ்சம் யோசித்தார். "இப்பல்லாம் நல்லா சாப்பிட்டு நல்லா தூங்கறேன்."

அறையே சிரித்தது. பாதிப் பேர் முதலாவதைப் பொய் என்றார்கள், பாதிப் பேர் இரண்டாவதை. மூன்றாவதை ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. பக்கத்து நாற்காலி டீச்சர், "வீட்ல கேட்டா உங்கள உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க சார்" என்றார். பதில் சொல்வதற்குள் பயிற்சியாளர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

கண்டக்டருக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. மூன்று சனிக்கிழமை இதே அறையில் இருந்தவள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பேசக்கூட முடியாமல் சுருண்டு படுப்பாள். அவ்வளவு வேலை வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பெயர் நெஞ்சில் தொங்குகிறது, ஒரு ஜென்மத்துக்காவது அவளை ஞாபகமில்லையே. சரி, இனிமேல் மறக்கமாட்டார்கள் என்று கருவிக்கொண்டார். பெயரை எடுக்க வந்தவர் பெயர் வாங்க உட்கார்ந்தது இப்படித்தான்.

மாதிரி வகுப்பு எடுக்க ஆள் கேட்டபோது முதலில் எழுந்து நின்றார். எழுந்த பிறகுதான், பாடம் எதுவும் தெரியாது என்பது உறைத்தது. தெரிந்ததைச் செய்தார். "உள்ள தள்ளி உக்காருங்க, இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கு" என்றார். பிறகு வரிசைக்கு நடுவே போய் ஒவ்வொருவரிடமும் குனிந்து, "எங்க போகணும்?" என்று கேட்டார்.

ஓர் இளைஞர் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். ஒருவர் தலைமை ஆசிரியர் நாற்காலிக்கு என்றார். ஓய்வு பெறப் போகிற ஓர் அம்மா, இத்தனை வருஷத்தில் யாரும் தன்னை இதைக் கேட்டதில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பயிற்சியாளர் துள்ளி எழுந்து, கற்பவரின் இலக்கை முதலில் அறிவது இதுதான் என்று பலகையில் எழுதினார். முப்பது பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இனி உண்மையைச் சொன்னால் பயிற்சியாளருக்கே அவமானம் என்று கண்டக்டர் வாயை மூடிக்கொண்டார்.

கடைசிச் சனிக்கிழமை அதே வகுப்பை டைரக்டர் முன்னால் நடத்தச் சொன்னார்கள். டைரக்டரையும் உள்ளே தள்ளி உட்காரச் சொன்னார். சிறந்த பங்கேற்பாளர் சான்றிதழ் அந்தப் பெயருக்கே கிடைத்தது. மேடையில் அவள் பெயரை முழுதாகப் படித்தபோது அறை முழுக்கக் கை தட்டியது. அவளுக்கல்லவா தட்டுகிறார்கள் என்று நினைத்ததும் பத்து நாளாக, பதினேழு நாளாக வராத அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பரிசு வாங்கிய சந்தோஷம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் பதிவேட்டுக்காரர் மேசையை ஒழித்துக்கொண்டிருந்தார். இவரிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று கண்டக்டர் நின்றார். ஆனால் அவர் முந்திக்கொண்டார்.

"டீச்சருக்கு ஊசியெல்லாம் முடிஞ்சுதா? பாவம், மூணு வாரமும் இங்க கையெழுத்த மட்டும் போட்டுட்டு எதிர் ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாங்க, உள்ள வந்து ஒரு நாள் உக்காந்ததில்ல. வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா மனுஷன் தாங்கமாட்டார், சொல்லிடாதீங்கம்பாங்க. நீங்க அவங்க அண்ணனா?"