சும்மா சாப்பிடுகிறவர்கள்

மான்சிக்கின் நாட்டில் காலையிலிருந்து அரிசி இல்லை.

நேற்று இருந்தது. ஜனங்கள் பாவம் என்று வரியைக் குறைத்தார், கஜானா காலி. இன்று வரியை ஏற்றினார். உழவர்கள் மூட்டை முடிச்சோடு பக்கத்து நாட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். திரையில் ஓடுகிற அரை விரல் உயரப் பொம்மைகள்தான். ஆனால் ஓடுவதில் அசல் மனிதர்கள் தோற்றார்கள்.

"நன்றி கெட்ட பயலுக" என்றார் மான்சிக்.

கொரியாவின் பாங்யோவில் கணினி விளையாட்டு செய்து விற்கிற கம்பெனி அது. புதிதாகச் செய்த நாடாளும் விளையாட்டை ஆட வைத்துப் பார்ப்பதற்காக, முதியோர் வேலை மையத்திலிருந்து பன்னிரண்டு கிழங்களைச் சம்பளத்துக்குப் பிடித்து வந்திருந்தார்கள். உட்கார்ந்து விளையாடுவதற்கு எவனாவது சம்பளம் கொடுப்பானா? இதில் ஏதோ சூது இருக்கிறது என்று மான்சிக்குக்கு முதல் நாளே பட்டது. ஆனாலும் வந்தார். முதியோர் மருத்துவமனையில் அவர் மனைவி படுத்திருக்கும் கட்டில் இந்தச் சம்பளத்தில்தான் நின்றது.

நாடு மூழ்கினால் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. கம்பெனிக்காரர்களைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பக்கத்து நாற்காலி பியோங்தால். அவன் நாடு பன்றிக்குட்டி மாதிரி கொழுத்துக் கிடந்தது.

"யோவ், அந்தச் சிவப்பை அமுக்கித் தொலையேன்."

திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பொத்தான்: 'முதியோர் பங்கீடு நிறுத்தம்'. அந்த விளையாட்டு மனிதர்களை இரண்டே வகையாகத்தான் எண்ணும். உழைக்கிறவர்கள், சும்மா சாப்பிடுகிறவர்கள்.

"கிழடுகளுக்குச் சோத்தை நிறுத்தணுமா? நீயே ஒரு கிழம்டா!"

"நான் திரைக்கு இந்தப் பக்கம்ல உக்காந்திருக்கேன்."

"வெக்கமா இல்லை?"

"என் நாட்டுல பஞ்சம் இல்லை. வெக்கத்தை நீயே வெச்சுக்க."

மான்சிக் வாலிபத்தில் வீடு வீடாகக் கரிக்கட்டி சுமந்தவர். கரி தெரியும் என்று திரை நாட்டில் சுரங்கம் திறந்தார். காசு கொட்டியது. பின்னாலேயே ஊரெல்லாம் இருமல். ஆஸ்பத்திரி கட்டினார். வைத்தியம் பலித்து, கிழவர்கள் யாரும் சாகவில்லை. சும்மா சாப்பிடுகிறவர்கள் இரட்டிப்பானார்கள். நோட்டு அச்சடித்தார். முட்டைக்கோஸ் ஒன்று மாட்டின் விலைக்கு ஏறியது. கிம்ச்சி ஊறுகாய் போட வழியில்லாத ஜனங்கள் அரண்மனை மேல் கல்லெறிந்தார்கள்.

சாயங்காலமானால் டீம் லீடர் பெண் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பாள். மற்றவர்கள் பக்கம் திரும்பக்கூட மாட்டாள்.

"இன்னைக்கும் அமுக்கலியா, ஐயா?"

"இல்லை."

"அவசரமே இல்லை. அமுக்கியே ஆகணும்னும் இல்லை."

கரிக் கம்பெனி முதலாளியும் அவரை வெளியே தள்ளிய நாள்வரை அவசரமே இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை அவள் கூடுதலாக ஒன்று சொன்னாள். "நாளைக்கு டைரக்டர் வர்றாரு. உங்க நாட்டைப் பாக்கணுமாம்."

அவள் போனதும் பியோங்தால் உதட்டைப் பிதுக்கினான். "போச்சு. எங்க நாட்டை எல்லாம் எவனும் பாக்கணும்னு கேக்கலியே."

தரை துடைக்கிற ஓக்பூன் துடைப்பத்தோடு மான்சிக்கின் மேசைக்கு வந்தாள்.

"காலைத் தூக்குங்கண்ணே. இந்த மாடி முழுக்க உங்க பேச்சுதான்."

"பேசுவாங்க, பேசுவாங்க" என்றார். காலைத் தூக்கினார்.

தலையணையில் ஒட்டிக் கிடக்கும் மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. அவளும் உழைக்கிறவள் இல்லை. ஒரு வாய்க் கஞ்சி சாப்பிடுகிறவள். அந்த வாய்க்காக, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார்.

கூன் விழுந்த பொம்மைகள் வரிசையாகக் கிளம்பின. ஒன்று கம்பு ஊன்றியிருந்தது. சண்டை இல்லை, கல்லெறி இல்லை. திரையின் கீழ்விளிம்புக்கு வந்து, ஒவ்வொன்றாக இறங்கி மறைந்தன. மான்சிக் குனிந்து மேசைக்கடியில் பார்த்தார். ஒயர்கள்தான் கிடந்தன.

முரசு முழங்கியது. அரிசி நிரம்பியது. அவர் நாட்டுக்கு முதலிடம்.

டீம் லீடர் ஓடிவந்து பார்த்தாள். பிறகு இடுப்பு மடிய வணங்கினாள்.

"ரொம்ப நன்றி, ஐயா. நீங்களுமா..." என்றவள் முடிக்காமல் போய்விட்டாள்.

அப்படி ஒரு வணக்கத்தை அவர் வாழ்நாளில் வாங்கியதில்லை. தாழ்வாரத்துக்குப் போய் மருத்துவமனை நர்சுக்குப் போன் போட்டார். "அவ காதுல சொல்லும்மா. வேலை நிலைச்சிருச்சு. கட்டிலை விட்டு யாரும் அசைக்க முடியாது."

திரும்பி வந்தபோது பன்னிரண்டு திரைகளும் அணைந்திருந்தன. பியோங்தால் கோட்டை மாட்டிக்கொண்டு அவரை முறைத்தான். ஓக்பூன் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன ஓக்பூன், தரையைக் கழுவப் போறியா?"

"கழுவுறதாவது! கடைசி ஆளும் அமுக்குற வரைக்கும்தான் இந்தச் சோதனையாம், இப்பத்தான் சொல்லிட்டுப் போறாங்க. இத்தனை நாளா நம்ம எல்லாருக்கும் சோறு போட்டது நீங்க அமுக்காத அந்தப் பொத்தான்தாண்ணே."