தொட்டி எத்தனை படி கொள்ளும்?

கணக்குப் போடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. வேலை நடக்க வேண்டுமே என்று கணக்குப் போடுகிறவர்கள் ஒரு வகை. அவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. அவர்களைப் பற்றி எழுதவும் ஒன்றுமில்லை. கணக்கு நடக்க வேண்டுமே என்று வேலையை நிறுத்தி வைக்கிறவர்கள் இன்னொரு வகை. தெருவுக்கு ஒருவர் வீதம் கடவுள் இவர்களைப் பங்கிட்டு அனுப்பியிருக்கிறார். அரியலூரில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் ஓவர்சியர் உத்திராபதி. சர்க்கார் ஏரிகளை முப்பது வருஷம் அளந்துவிட்டு, அளக்க ஏரி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

இவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, சாம்பார் வருவதற்குள் வரிசைக்கு எத்தனை இலை, இலைக்கு எத்தனை கரண்டி, அண்டாவுக்கு எத்தனை கரண்டி என்று பெருக்கி, வகுத்து, மூன்றாம் பந்திக்கு ரசம் பற்றாது என்று பெண்ணைப் பெற்றவர் காதில் விழும்படி சொல்லி, அந்த மனுஷனை அன்று முழுக்கச் சாப்பிட விடாமல் அடித்தவர் இவர்தான். கல்லங்குறிச்சித் தேரோட்டத்தில் ஊரே கைகூப்பி நிற்கும். இவர் சதுர கஜத்துக்கு எத்தனை தலை என்று விரல் மடக்குவார். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரத்தின் நிழலை அடிவைத்து அளந்துவிட்டு, உள்ளே போய்ச் சாமி கும்பிடாமலே பஸ் ஏறியவர். இழவு வீட்டில்கூட, கிடத்தியிருப்பவரைக் கண்ணால் ஒருமுறை தலையிலிருந்து கால்வரை பார்த்து, எத்தனை வறட்டி வேண்டும் என்று சொல்லிவிடுவார். சொன்னது சரியாக இருந்ததா? யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அவர் சொல்லுகிற தோரணையில் யாருக்கும் எண்ணத் தோன்றாது.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு மீன் தொட்டி அகப்பட்டால் என்ன ஆகும்? அதை அம்சவள்ளியைத்தான் கேட்க வேண்டும்.

அம்சவள்ளி, ஓவர்சியருக்கு எதிர் வீட்டு அய்யம்பெருமாளின் மனைவி. திருமானூர்ப் பக்கம் நிலம் உள்ள குடும்பம். அவள் தம்பி தர்மராஜ் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போகுமுன், ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் நடந்த ஏலத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்றையும் சிவப்பு மீன் இரண்டையும் எடுத்து அக்காளிடம் கொடுத்தான். "நான் வர்ற வரைக்கும் பாத்துக்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தொட்டியின் வடிவத்தை எப்படிச் சொல்வது? வாய் முட்டை வடிவம். கழுத்துக்குக் கீழே இடுப்பு ஒடுங்கி, அதற்கும் கீழே வயிறு பிதுங்கியிருக்கும். சுவரோடு ஒட்டி வைப்பதற்காக முதுகு மட்டும் தட்டை. வலது பக்கத்தில் காரணமே இல்லாமல் ஒரு புடைப்பு. கண்ணாடியை ஊதினவனுக்குப் பாதியில் தும்மல் வந்திருக்க வேண்டும்.

யுத்தகாலம். தம்பியிடமிருந்து கடுதாசி வந்து மாசக்கணக்கில் ஆகிவிட்டது. மீன்கள் நன்றாக நீந்துகிறவரை தம்பிக்கும் ஒன்றும் ஆகாது என்று அம்சவள்ளி மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். அது அசட்டுத்தனம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தால் மட்டும் பயம் போய்விடுமா? ஒருநாள் காலையில் மீன்களின் உடம்பில் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்ததும் புருஷனை மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டினாள்.

மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் வெள்ளைச்சாமி வந்து பார்த்து, ஒரு சீசாவில் நீல மருந்து கொடுத்தார்.

"படித் தண்ணிக்கு ரெண்டு சொட்டுங்க. கூடினா மீன் மெதந்துரும். குறைஞ்சா புள்ளி போவாது. நாளைக் கடத்தாதீங்க."

"இந்தத் தொட்டி எத்தனை படி கொள்ளும்?" என்று அய்யம்பெருமாள் அவரை வழியனுப்பும்போது வாசலில் நின்று கேட்டார். மெதுவாகக் கேட்டிருக்கலாம். ஓவர்சியர் அடிக்கோலும் நூல்கண்டுமாகத் தெருவைக் கடந்து வந்துவிட்டார்.

தொட்டியை மூன்று தடவை சுற்றிவந்தார். முதுகுப் பக்கம் சுவர் இருந்ததால் முக்கால் சுற்றுத்தான். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை ரிடையரான நாளிலிருந்து யாரும் பார்த்ததில்லை.

"படியால மொண்டு மொண்டு அண்டாவுல ஊத்தினா தெரிஞ்சுட்டுப் போவுதுண்ணே" என்றார் அய்யம்பெருமாள்.

ஓவர்சியர் நூலைக் கீழே வைத்தார்.

"தம்பி, நான் எத்தனை ஏரி அளந்திருக்கேன். எதையாவது படியால மொண்டு அளந்திருக்கேனா?"

அய்யம்பெருமாள் யோசித்துப் பார்த்தார். அளந்ததில்லைதான். இந்த இனத்தார் ஜெயிப்பது இப்படித்தான்: அவர்கள் சொல்வதில் எங்கேயோ கோளாறு இருக்கிறது என்று நமக்குத் தெரியும்; எங்கே என்று சொல்லத்தான் வாய் வராது.

அன்று முழுக்க அளவு எடுத்தார். வயிற்றைச் சுற்றி நூல் கட்டினார், இடுப்பைச் சுற்றி நூல் கட்டினார், ஆழத்துக்குக் குச்சி விட்டு அடியில் கிடந்த மணலைக் கலக்கினார். மறுநாள் கணக்கு. ஒரு வழியில் போட்டபோது தொட்டியில் இருப்பது இரண்டு லோட்டாத் தண்ணீர் என்று வந்தது. இன்னொரு வழியில் போட்டபோது அதை வைத்து அரைக்காணி நடவு நடலாம் என்று வந்தது. நீங்களோ நானோ என்றால் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டு எழுந்திருப்போம். அவர் உற்சாகமாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கழிவு போடாம விட்டுட்டேன். அதான் ஒதைக்குது. ஏரின்னா வண்டலுக்குக் கொஞ்சம் கழிக்கணும். கசிவுக்குக் கொஞ்சம் கழிக்கணும்."

"கண்ணாடி கசியாதுங்கண்ணே" என்றாள் அம்சவள்ளி.

"கசியாத ஏரியை நான் பார்த்ததில்லை தங்கச்சி. அப்புறம் மீன். அதுவும் எடத்தை அடைக்குதுல்ல? அதையும் கழிச்சாகணும்."

"மீனு சாயுதுண்ணே. நேத்திலேருந்து எரை எடுக்கலை. உத்தேசமா ஒண்ணு சொல்லுங்களேன்."

உத்தேசம் என்ற சொல்லைக் கேட்டதும் ஓவர்சியர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "உசிரு வெவகாரம். உத்தேசமாச் சொல்லலாமா?" என்றார். அம்சவள்ளி உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் விடிந்தபோது ஒரு மீன் ஒருக்களித்துக் கிடந்தது. அம்சவள்ளிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே தொட்டியைப் பார்த்தாள். இதை ஏன் அளக்க வேண்டும் என்று அவளுக்கு முதல்தடவையாகத் தோன்றியது. சீக்கு மீனுக்கா, தொட்டிக்கா? ஒரு புதுப் பானையைக் கழுவி எடுத்து, தொட்டித் தண்ணீரிலேயே ஐந்து படி மொண்டு ஊற்றி, மருந்தில் பத்துச் சொட்டு விட்டு, சல்லடையால் மீன்களை ஏந்தி அதில் விட்டாள். முறத்தால் மூடி அடுப்பங்கரை மூலையில் வைத்தாள். புருஷனிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் எதிர் வீட்டில் போய் யோசனை கேட்டுவிடுவார் என்ற பயம்.

ஓவர்சியர் வந்தார். தொட்டியில் மட்டம் இறங்கியிருப்பதைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா தம்பி? கசிவு இருக்குன்னு அப்பவே சொன்னேன்ல."

மீன் எங்கே என்று அவர் கேட்கவில்லை. அடி கலங்கியிருந்ததால் அய்யம்பெருமாளும் கவனிக்கவில்லை. கசிவு நிரூபணமாகிவிட்ட தெம்பில் ஓவர்சியர் புதிதாக ஆரம்பித்து, இடுப்பைத் தனி மடையாகவும் வயிற்றைத் தனி ஏரியாகவும் வலப்பக்கப் புடைப்பை ஓர் உபரி வாய்க்காலாகவும் பிரித்து, வண்டல் கழித்து, கசிவு கழித்து, மீன் கழித்து, சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு விடையைக் கண்டுபிடித்துவிட்டார். படி இத்தனை, அதற்குமேல் உழக்கு இத்தனை, ஆழாக்கு இத்தனை என்று அவர் நின்றபடி அறிவித்தபோது, எட்டிப் பார்க்க வந்த தெருவே தலையை ஆட்டிற்று. பிறகு சீசாவை எடுத்து, ஒரு சொட்டுக் கூடாமல் குறையாமல் வாய்விட்டு எண்ணி, மீனில்லாத தொட்டியில் விட்டார். தண்ணீரில் நீலம் அழகாகப் பரவியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இனி ஒண்ணும் கவலையில்லை தங்கச்சி" என்றார்.

"சரிங்கண்ணே" என்றாள் அம்சவள்ளி. அவளுக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மூன்று நாளாக மனுஷன் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவ்வளவுதான் கதை. ஓவர்சியரைப் பார்த்து நீங்கள் நன்றாகச் சிரித்தீர்கள், சந்தோஷம். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். அவர் அறிவித்த விடையை நான் சொல்லாமல் தாண்டிப் போனேனே, அந்த இடத்தில் உங்களுக்கு உள்ளே அரித்ததா இல்லையா? எத்தனை படி, எத்தனை உழக்கு, அது சரியான விடைதானா, பிற்பாடு யாராவது மொண்டு பார்த்தார்களா என்றெல்லாம் கேட்க வாய் துறுதுறுக்கிறதா? கேட்கலாம், தப்பில்லை. அடுப்பங்கரை மூலையில் முறத்துக்கடியில் இரண்டு ஜீவன்கள் கிடக்கின்றன. அவை என்ன ஆயின என்பதை இரண்டாவதாகக் கேட்டுக்கொள்ளலாம் என்றுதானே இருந்தீர்கள்?

இரண்டும் பிழைத்துக்கொண்டன. தம்பியும் அடுத்த வருஷம் லீவில் வந்தான். கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன்.