முன்னறிவிப்பில்லாத ஒத்திகை

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கையும் சிட்டுவும் நலம். நீங்களும் நலமென்றே நம்புகிறேன். அதை நேரில் வந்து காட்ட வேண்டிய அவசரமும் இப்போது வந்திருக்கிறது. போனில் சொன்னால் உங்கள் தங்கை சமையலறையிலிருந்தே வரிக்கு வரி திருத்தம் சொல்லுவாள் என்பதால் எழுதுகிறேன்.

போன மாதம் சிட்டுவின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். இந்த வயதுப் பிள்ளைகள் குடியில் விழுவதற்கு என்னென்ன காரணம் என்று ஆலோசகர் அம்மா படம் போட்டு விளக்கினார். குடும்பத்தில் குடித்தவர் இருப்பது, வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் புட்டி இருப்பது, கூடாத சிநேகம், தனிமை, மனசு விட்டுப் பேச ஆள் இல்லாதது, சின்ன வயதில் பெரியவர்களே விளையாட்டாக ஊற்றிக் கொடுக்கும் முதல் வாய். மற்ற அப்பாக்கள் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள், நான் ஒவ்வொன்றாக நோட்டில் குறித்துக்கொண்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், குடும்பத்தில் குடித்தவர் என்றதும் உங்கள் முகம்தான் கண்முன் வந்தது. பதினைந்து வயதில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு பெரிய மனிதர் "ஒரு வாய்தானே" என்று உங்களுக்கு ஊற்றியதும், அந்த ஒரு வாயை முடிக்க உங்களுக்கு இருபது வருஷம் ஆனதும் நம் வீட்டில் யாருக்குத் தெரியாது? விட்டுவிட்டீர்கள், சந்தோஷம். ஆனால் சிட்டுவுக்கு இப்போது பதினைந்து. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான், வேறெப்படிச் சொல்வது?

என் தொழில் உங்களுக்குத் தெரியும். ஆபீஸ் ஆபீஸாகப் போய், யாரிடமும் சொல்லாமல் தீ அபாய மணியை அழுத்திவிட்டு, எல்லோரும் ஒழுங்காகப் படியிறங்கி வருகிறார்களா என்று பார்ப்பேன். முன்கூட்டிச் சொல்லிவிட்டு நடத்தினால் அது ஒத்திகை இல்லை, ஊர்வலம். இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் சொல்லிவருகிறேன். ஆகவே முதல் வேலையாக, ஆல்கஹால் கலந்திருக்குமென்று சென்ட், இருமல் மருந்து, கண்ணாடி துடைக்கும் திரவம் எல்லாவற்றையும் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். "இனிமே இருமல் வந்தா உங்ககிட்ட மனுப் போடணுமா?" என்றாள் உங்கள் தங்கை. காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்து ஒத்திகையை ஆரம்பித்தேன். தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, டம்ளரில் ஆப்பிள் ஜூஸோடு, சிட்டு எதிர்பாராத நேரத்தில் கெட்ட சிநேகிதனாகக் கதவுக்குப் பின்னாலிருந்து வெளிப்படுவேன். "ஏய், ஒரு வாய் அடி. உங்கப்பனுக்கா தெரியப்போகுது?" என்பேன். முதல் நாள், "அப்பா, அது ஜூஸ்" என்றாள். தோல்வி. மறுநாள், "வேணாம், நாளைக்கு டெஸ்ட் இருக்கு" என்றாள். பதில் சரி, முகத்தில் உறுதி போதாது. போகப் போக நன்றாகவே தேறினாள். இதற்கு நடுவில் வகுப்புத் தோழி ஒருத்தியின் பிறந்தநாள் விருந்து வந்தது, பெரியவர்கள் யாருமில்லாத வீடு. கூடாது என்று ஒரே வார்த்தையில் சொன்னேன். அவள் மறுபேச்சு இல்லாமல் அன்று சாயங்காலம் பக்கத்துத் தெருவுக்குக் கணக்குப் படிக்கப் போய்விட்டாள். ஒத்திகையின் பலன் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

கெட்டது எதிர் வீட்டால்தான். தீப்பிடிக்கும் என்று எங்கள் கூடத்துத் திரைச்சீலைகளை நான்தான் முன்பே கழற்றிப் போட்டிருந்தேன். போன வாரம் எதிர் மாடியிலிருக்கும் பல் டாக்டரம்மா பார்த்த காட்சி இது: அப்பன் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தங்க நிறத்தில் எதையோ மகளின் வாயில் வைக்கிறான், மகள் இரண்டு கையாலும் தள்ளுகிறாள், அம்மாக்காரி டம்ளரைப் பிடுங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாயைத் துடைக்கிறாள். உங்கள் தங்கைக்குத் தொண்டை வறண்டிருந்ததாம். டாக்டரம்மா நேரே பள்ளிக்குப் போன் போட்டுவிட்டார். ஆலோசகர் அம்மா எங்களைக் கூப்பிட்டு, அது ஜூஸ் என்று நான் சொல்லச் சொல்ல, "முதல்ல எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க" என்று கனிவாகத் தலையாட்டினார். பிறகு சிட்டுவிடம், "நீ நம்பிப் பேசற பெரியவங்க யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். அவள் கொஞ்சமும் யோசிக்காமல், "மாமா" என்றாள். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன் மச்சான்.

வியாழக்கிழமை காலை எங்களை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அன்று நீங்களும் பள்ளிக்கு வந்து, நான் குடிக்காதவன் என்று சாட்சி சொல்ல வேண்டும். குடியைப் பற்றித் தெரிந்தவர் சொன்னால் எடுபடும். இஸ்திரி போட்ட சட்டை போதும், நகைச்சுவை வேண்டாம். சிட்டுவை உங்கள் ஸ்கூட்டரில் ஏற்ற வேண்டாம். நல்லபடியாக முடிந்ததும் வீட்டில் ஆப்பிள் ஜூஸ் தருகிறேன், நிறைய மிச்சமிருக்கிறது.

உங்கள் நலமே நாடும்,
மாப்பிள்ளை

பி.கு.: இதை ஒட்டித் தபாலில் சேர்க்கும் வேலையைச் சிட்டுவிடம் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகளை நம்பிப் பொறுப்புக் கொடுக்க வேண்டுமாம்.

பி.கு.வுக்குப் பி.கு.: மாமா, நான்தான். ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். அன்னைக்கு நான் கணக்குப் படிக்கத்தான் போனேன்னு அப்பா இன்னும் நம்பறாரு. அந்தப் பிறந்தநாள் வீட்ல நிஜமாவே டம்ளரை நீட்டினப்ப, அப்பா சொல்லிக்கொடுத்த பதில் ஒண்ணுகூட வாயில வரல. பாத்ரூம்ல பூட்டிக்கிட்டு உங்களுக்குப் போன் பண்ணத்தான் தோணுச்சு. நீங்க வந்து, ஏன் போனேன்னுகூடக் கேக்காம ஹெல்மெட்டை நீட்டினீங்க. அப்பாவைக் கூப்பிட்டிருந்தா மணி அடிச்சு, எல்லாரையும் படியிறக்கி, வரிசையில நிக்கவச்சுத் தலை எண்ணியிருப்பாரு. ஆனா அந்த நாற்காலியில அவர் முகம் போன போக்கைப் பாத்ததுலேருந்து எனக்கு மனசே சரியில்ல. வியாழக்கிழமை நானே எல்லாத்தையும் சொல்லிடறேன். நீங்க அப்பா பக்கத்துல உட்காந்துக்கோங்க, போதும். அவர்கிட்ட முன்கூட்டி எதுவும் சொல்லிடாதீங்க. சொல்லிட்டா அது ஒத்திகை இல்ல, ஊர்வலம்.